ஆர்ட்டிகிள்ஷிப் போகும் மகளுக்கு எந்த லேப்டாப்?

அம்மா, வணக்கம்.

மகள் சி.ஏ. இன்டர் முடித்துக் கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ.வுக்கான கட்டாயப் பயிற்சி) சேர்கிறாள், வாரத்தில் பாதி நாள் ஆடிட்டுக்காகத் திருப்பூர், பல்லடம், கரூர் என்று பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கும், எதிர்வீட்டுத் தம்பி கேமிங் லேப்டாப்தான் வாங்க வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, வெளியூர் ஆடிட் வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதைச் சொல்லாதீர்கள். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்துவிட்டது. ஆபீஸிலேயே உட்கார்ந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டே அந்த இரண்டு வருடமும் போய்விடலாம். மில் குடோனில் நின்று ஸ்டாக் சரிபார்ப்பதும், ஏப்ரலில் பேங்க் கிளை ஆடிட்டில் கடன் ஃபைல்களைப் புரட்டுவதும் வெளியே போனால்தான் கிடைக்கும். பிறகு வேலைக்கு இன்டர்வியூ போகும்போது கேட்கப்போவதும் அதைத்தான். அலைச்சல் இருக்கும், அதைக் குறைக்கத்தான் லேப்டாப்பில் யோசிக்க வேண்டும்.

முதல் வேலை, ஆபீஸில் கேட்பது: லேப்டாப் அவர்களே தருவார்களா? தருவதாக இருந்தால் இப்போது ஒன்றுமே வாங்க வேண்டாம். பாட வகுப்பு பார்க்க வீட்டில் இருக்கிற பழசு போதும்.

சொந்த லேப்டாப்தான் என்றால், எடையிலிருந்து தொடங்குங்கள். கேமிங் லேப்டாப் இரண்டேகால், இரண்டரை கிலோ வரும். அதன் அடாப்டர் செங்கல் மாதிரி தனியாக அரைக் கிலோவுக்கு மேல். ஃபைல், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் சேர்த்து, உட்கார இடம் கிடைக்காத பஸ்ஸில் தோளில் தொங்குவதை நினைத்துப் பாருங்கள். அதில் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டுக்கு, கணக்கு எழுதும் மென்பொருளான டேலியிலும் எக்செல்லிலும் வேலையே இல்லை. தம்பி சொன்னது அவன் படிப்புக்கும் விளையாட்டுக்கும் சரி. உங்கள் மகளுக்கு 14 அங்குலத் திரை, 1.2 முதல் 1.4 கிலோ. விளம்பரத்தில் போடுகிற எடையில் சார்ஜர் சேராது என்பதையும் கவனியுங்கள். 65 வாட் டைப்-சி சார்ஜரில் சார்ஜ் ஆகிற மாடலாக எடுத்தால், சின்ன சார்ஜர் ஒன்றே போனுக்கும் ஆகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 14 அங்குலத்தில் எண்களுக்கான தனிக் கீபேட் பெரும்பாலும் இருக்காது. நாள் முழுக்க எண் அடிக்கிற பிள்ளைக்கு அது உண்மையான இழப்புதான். அதற்காக 15.6 அங்குலத்துக்குப் போகாதீர்கள். தனியாக விற்கிற யு.எஸ்.பி. நம்பர் பேட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிடலாம், கையகலம்தான் இருக்கும்.

அடுத்தது பலர் பார்க்காமல் விடுகிற இடம்: பக்கவாட்டு ஓட்டைகள். கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடச் செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பெரும்பாலும் பழைய அகல யு.எஸ்.பி.யில்தான் வருகிறது. மில் அக்கவுண்டன்ட் டேலி பேக்அப்பைப் பென் டிரைவில்தான் நீட்டுவார். மிக மெல்லிய மாடல்கள் சிலவற்றில் டைப்-சி மட்டும் இருக்கும். டைப்-சியில் அகல யு.எஸ்.பி.யைச் செருக உதவும் இணைப்பானை மறந்துவிட்டுப் போனால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். அகல யு.எஸ்.பி. ஒன்றாவது லேப்டாப்பிலேயே இருக்கட்டும்.

மேக்புக் ஏர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 13 அங்குலம் 1.24 கிலோதான், பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் டேலி விண்டோஸுக்காகச் செய்தது. எக்செல்லில் ஆல்ட் விசை வைத்து ஆபீஸில் எல்லாரும் பழகியிருக்கும் குறுக்குவழிகள் மேக்கில் அப்படியே வராது. சி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் லேசானவைதான். ஆனால் அந்தச் சிப் வேறு வகை; டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஆபீஸ் பிரின்டரும் அதில் ஓடுமா என்று உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். இன்டெல் அல்லது ஏ.எம்.டி. என்றால் இந்தத் தலைவலி இல்லை.

ரேம் 16 ஜி.பி. இதில் பேரம் கிடையாது. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், பிறகு கூட்டமுடியாது. ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. போதும்.

பேட்டரிக்குக் கடைக்காரர் சொல்லும் மணிக்கணக்கை விடுங்கள். வாட்-அவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரம், எவ்வளவு என்று கேளுங்கள். எக்செல், பிரவுசர் என்று சாதாரண வேலைக்கு லேப்டாப் 8 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 60 வாட்-அவர் பேட்டரி ஏழரை மணி நேரம் வரும். 40 என்றால் ஐந்து மணி நேரத்தில் கை விரிக்கும். பேங்க் கிளையில் ஆடிட்டருக்கு ஒதுக்குகிற மூலை மேஜையில் பிளக் ஒன்று இருந்தாலே அதிசயம், அதிலும் பாஸ்புக் பிரின்டர் செருகியிருக்கும். ரயிலை நம்பவும் முடியாது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டை நிறுத்திவைக்கிற ஏற்பாடு உண்டு.

வாங்கிய அன்றே இரண்டு அமைப்பு மாற்றச் சொல்லுங்கள். மூடியை மூடினால் 'ஸ்லீப்' போகாமல் 'ஹைபர்நேட்' (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில லேப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்து, சூடாகி, பல்லடம் போய்த் திறக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். மற்றது டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது உள்ளே இருப்பதை மற்றவர் படிக்கமுடியாதபடி பூட்டிவைப்பது. பஸ்ஸில் பை காணாமல் போனால் போவது லேப்டாப் மட்டுமல்ல, ஒரு கம்பெனியின் முழுக் கணக்கும்தான். கிளையண்ட் விவரத்தை அனுமதியின்றி வெளியே விடுவது 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்திலேயே ஒழுங்கீனம். இந்தக் கவனம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே வரட்டும். என்கிரிப்ஷனைத் திறக்கிற மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள், லேப்டாப் பையில் அல்ல.

மிச்சப் பணம் இருந்தால் பிராசஸரில் ஒரு படி மேலே போவதை விட, கீழே விழுந்தாலும் ஈடு கொடுக்கும் வாரண்டியில் போடுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கோவையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு மகளையும் அழைத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கிற மாடலில் அவளே பத்து நிமிடம் எண் அடித்துப் பார்க்கட்டும்; பிறகு சார்ஜரோடு சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்க்கட்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.