புழு போடுங்கள், புண்ணாக்கை நிறுத்தாதீர்கள்

கேள்வி: சென்னை செங்குன்றம் அருகே 60 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். சோயா புண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கோயம்பேட்டிலிருந்து காய்கறிக் கழிவு கிடைக்கிறது. அதில், கழிவைத் தின்று வளரும் பிளாக் சோல்ஜர் என்ற கருப்பு ஈயின் புழுவை வளர்த்துப் போட்டால் புண்ணாக்கை அறவே நிறுத்தலாமா? நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களா?

பதில்: அறவே நிறுத்த முடியாது. முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கோழிக்கு நாளைக்கு 80 கிராம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 5 கிலோ தீவனம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த புழு என்று வைத்தால் அரைக் கிலோ. பச்சைப் புழுவில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே தினமும் ஒன்றரைக் கிலோ பச்சைப் புழு எடுக்க வேண்டும். அதற்கே பத்துக் கிலோவுக்குக் குறையாமல் கழிவு வேண்டும். இதைத் தினமும் சுமந்து வர ஆள் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

சத்தில் குறையில்லை. உலர்ந்த புழுவில் புரதம் ஏறக்குறைய 40 சதவீதம். சோயா புண்ணாக்கில் 45. ஆனால் புழுவில் கொழுப்பு மிக அதிகம். அளவு மீறினால் கோழி கொழுத்து முட்டை குறையும். மக்காச்சோளம், கம்பு, தவிடு எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். பத்துச் சதவீதத்தில் தொடங்கிப் புண்ணாக்கை அந்த அளவுக்கு மட்டும் குறையுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். கோயம்பேட்டுக் கழிவில் தக்காளியும் பூசணியும் மிகுதி. அப்படியே கொட்டினால் குழம்பாகிவிடும். தவிடோ தென்னைநார்க் கழிவோ கலந்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் பதத்தில் வையுங்கள். புழு ஒரு நாளில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் புழு வளர்க்கும் தொட்டிக்குள் நீர் இறங்கினால் எல்லாம் பாழ். மேலே கூரை கட்டாயம். இந்த ஈ வீட்டு ஈயைப் போல நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. தொட்டியில் சின்ன வெள்ளைப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அவை வீட்டு ஈயின் புழுக்களாக இருக்கலாம். அப்போது பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்!

கறிக்கடைக் கழிவு இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதைப் போடவே போடாதீர்கள். கோழிக்கழிவைத் தின்ற புழுவைத் திரும்பக் கோழிக்கே கொடுப்பது நோயை விலைக்கு வாங்குவது. சாக்கடைக் கசடும் தொழிற்சாலைக் கழிவும் ஆகாது. காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் புழுவின் உடலில் சேரும். மருந்து அடித்த வாடை வீசும் காலிஃபிளவர் இலைகளையும் ஒதுக்குங்கள்.

வளர்ந்த புழு கருத்ததும் தானாகவே ஈரத்தைவிட்டு மேலேறும். தொட்டியின் ஒரு பக்கம் சரிவுப் பலகை வைத்தால் வெளியே வாளியில் வந்து விழும். சிலவற்றை ஈயாக விட்டுவிடுங்கள். அவை இடும் முட்டையிலிருந்துதான் அடுத்த புழு வரும். மற்றதைக் கொதிநீரில் சில நிமிடம் முக்கியெடுத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கொழுப்பு அதிகம் என்பதால் அதிக நாள் வைத்தால் காறல் நெடி வரும். அதைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள்.

கோழிக்குஞ்சுகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை, கரையான் போதும். பழைய பானையில் வைக்கோல், காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் திறந்து, பானையில் ஏறியிருக்கும் கரையானை உடனே குஞ்சுகள் முன் கொட்டிவிடுங்கள். வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் போய்விடும். பெரிய கோழிகளின் தீவனக் கலவையை மாற்றுமுன் மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். செங்குன்றத்திலிருந்து பக்கம்தானே.