டிஸ்ட்ரிபியூட்டரின் ஓட்டையை அடைக்கலாமா?

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். தாத்தா வாங்கிய மாரிஸ் மைனர் கார் இன்னும் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி நிறுத்தியிருந்தோம், காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கருவி) இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத்தான் ஈரம் போகிறது என்று மெக்கானிக் பசை வைத்து அடைத்துவிட்டார். இப்போது சேலத்திலேயே மிஸ்ஸிங் அடிக்கிறது. அந்த ஓட்டை தேவைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான். முதல் வேலையாக அந்தப் பசையை எடுத்துவிடுங்கள்.

மெக்கானிக் சொன்னதில் பாதி சரி, ஈரம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே என்ன உண்டாகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. உள்ளே சுழலும் ரோட்டாரின் முனைக்கும் மூடியில் இருக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி உண்டு, கரண்ட் அதைத் தாவித்தான் பிளக்குக்குப் போகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 100 பொறி, அத்தனையும் கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன மூடிக்குள். ஒவ்வொரு பொறியும் காற்றை உடைத்து ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும், இதோடு ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். பித்தளை முனையில் பச்சை பூப்பதும், பாயிண்டின் (கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) ஸ்பிரிங் துருப்பிடிப்பதும், மூடியின் உள்பக்கம் கரண்ட் கசியும்படி படலம் படிவதும் இதனால்தான். ரோட்டாரைச் சுழற்றும் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஆவி வேறு ஏறி வரும். இதெல்லாம் வெளியேறத்தான் அந்த ஓட்டை.

பழைய மேக்னெட்டோக்கள் (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் பொறிக்கான கரண்டை உண்டாக்கும் கருவிகள்) பலவற்றில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும். அதில் கரித்தூள் படியும், அடிக்கடி துடைக்க வேண்டும். உரசலை விட்டுத் தாவலுக்கு மாறியபோது தூள் தொல்லை போய் இந்த வாயுத் தொல்லை வந்தது.

ஏற்காடு விஷயத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன சூடான எஞ்சின், 1500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தில் ராத்திரி முழுக்க ஆறினால், சுடு சோற்றை மூடி வைத்த பாத்திரம் மாதிரி மூடிக்குள் வியர்த்துவிடும். ஓட்டை திறந்திருந்தால் எஞ்சின் சூடேறியதும் அந்த ஈரம் வெளியே போய்விடும். அடைத்தால் அங்கேயே தங்கி அமிலத்தோடு சேரும். உங்களுக்குச் சேலத்து வெயிலிலும் மிஸ்ஸிங் வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பசையைக் குச்சியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். ஓட்டையைப் பெரிசாக்க வேண்டாம், டிரில் பக்கமே போக வேண்டாம். உள்ளே காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு மாதிரி கருப்பாக ஓடியிருந்தால் மூடியின் பேக்லைட் பிளாஸ்டிக் கரியாகிவிட்டது என்று அர்த்தம். சுரண்டிப் பயனில்லை, வேறு மூடிதான். ஈரத்தைத் தடுக்க வேண்டிய இடம் பிளக் கம்பிகள் மூடிக்குள் நுழைகிற இடம், அங்கே ரப்பர் உறை இறுக்கமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் மிஸ்ஸிங் இருந்தால் கம்பிகளையும் கண்டென்சரையும் பாருங்கள். மூடியைக் கழற்றியதும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.