மாதம் 2 இரவு ஹோட்டல் என்றால் நேரடியாகவே புக்கிங் போடுங்கள்

மாதாமாதம் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரில் 2 இரவு தங்க, பல ஹோட்டல்களைக் காட்டும் புக்கிங் தளமா, மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டமான பான்வாயா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் பான்வாயில் சேருங்கள், இலவசம்தான். வருடத்துக்கு 24 இரவு வருகிறது, 10 இரவில் சில்வர், 25 இரவில் கோல்டு உறுப்பினர் ஆகலாம், அதாவது இன்னும் ஒரே ஒரு இரவு கூடினால் கோல்டு கைக்கு வந்துவிடும், அறை காலியாக இருந்தால் கிளம்பும் நாளில் மதியம் 2 மணி வரை இருக்க விடுவார்கள். ஆனால் அவர்களுடைய தளத்திலோ ஆப்பிலோ போடுங்கள். வெளித் தளத்தில் போட்டால் பொதுவாகப் புள்ளியும் வராது, இரவும் கணக்கில் ஏறாது. அப்படி வெளித் தளத்தில் போட்டுவிட்டு எனக்கு ஒருமுறை தேதி மாற்ற வேண்டியிருந்தது, இரவு 11 மணிக்கு ரிசப்ஷனில் "நீங்க புக் பண்ண சைட்லயே கேளுங்க சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். அப்புறம், குடும்பத்தோடு ஊட்டி போவதாகச் சொன்னீர்களே, அதற்குப் புக்கிங் தளமே சரி, சின்னச் சின்ன காட்டேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.