1.3 பெரியதா, 7.2 பெரியதா?

ஒரு வாசகியின் கேள்வி இது: "எண் கோட்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் துறையில் எல்லோரும் மதிக்கிற ஓர் ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 1.3. செல் உயிரியல் ஆய்வு செய்யும் தோழி, 'இதெல்லாம் ஒரு நம்பரா?' என்கிறாள். இதற்கிடையே, தனக்கு 7.2 என்று சொல்லிக்கொண்டு வேறொரு கணித இதழ் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எதற்கு அனுப்பலாம்?"

1.3-க்கே அனுப்புங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு வகுத்தல் கணக்குதான். ஓர் இதழில் 2022, 2023 இரண்டிலும் சேர்த்து 100 கட்டுரைகள் வந்தன, 2024-இல் அவற்றுக்கு 150 மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சான்றாகக் குறிப்பிடுவது) கிடைத்தன என்றால், 2024-க்கான எண் 1.5. அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்ட் தொடங்கிவைத்த இந்தக் கணக்கை இப்போது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

உங்கள் தோழி கோட்டைவிடுவது அந்த 'இரண்டு ஆண்டு' என்ற இடத்தில். செல் உயிரியலில் கட்டுரைகள் வேகமாக வரும், மேற்கோள் பட்டியலும் நீளமாக இருக்கும். கணிதத்தில் பட்டியல் குட்டை. ஒரு தேற்றத்தைப் படித்துச் செரித்து, அதன்மேல் இன்னொருவர் கட்டுரை எழுதி, அது நடுவர்களிடம் கிடந்து அச்சேறுவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். அதற்கப்புறம் வரும் மேற்கோள் எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

அதனால் துறை விட்டுத் துறை ஒப்பிடவே கூடாது. பார்க்க வேண்டியது, அந்தந்தத் துறைக்குள் இதழுக்கு என்ன இடம் என்பது. ஒரு துறையின் இதழ்களை இந்த எண்படி வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால் வரும் முதல் பகுதியைத்தான் கியூ1 என்கிறார்கள். கணிதத்தில் 1.3 மேல்வரிசைக்குப் பக்கத்தில் உட்காரும்; செல் உயிரியலில் அதே எண் அடியில் கிடக்கும். (ஒரே இதழ் ஒரு பாடப்பிரிவில் கியூ1 ஆகவும் இன்னொன்றில் கியூ2 ஆகவும் இருக்கலாம். விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லவா வேண்டும்!) ஸ்னிப் என்ற அளவீடு துறைகளுக்கிடையிலான இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டித் தருகிறது. எஸ்ஜேஆர், மேற்கோள் காட்டும் இதழின் மதிப்பையும் சேர்த்து எடைபோடுகிறது. இரண்டையும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று, இது சராசரி. மேலே சொன்ன 150 மேற்கோள்களில் 100 ஒரே கட்டுரைக்குப் போயிருந்தால், மீதி 99 கட்டுரைகளுக்கும் சேர்த்து 50 தான். கற்பனை என்று நினைக்காதீர்கள். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழின் எண் 2008-இல் சுமார் 2. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட 50! காரணம், ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி 2008-இல் அதில் வந்த ஒரே கட்டுரை. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். 2011-இல் எண் மறுபடி 2-க்கே இறங்கிவிட்டது. நடுவில் அந்த இதழில் எழுதியவர்களின் கட்டுரைகள் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிடவில்லை.

சரி, அந்த 7.2-க்கு வருவோம். கணிதத்தின் உச்சியில் இருக்கும் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழே சமீப ஆண்டுகளில் 5-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அதைத் தாண்டிய ஒரு கணித இதழ் ஆராய்ச்சி மாணவியிடம் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறதா? 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்', 'யுனிவர்சல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்ற பெயர்களில் எண்கள் விற்கிற கடைகள் உண்டு; கிளாரிவேட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் உரிய அடையாள எண்) மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் என்ற கிளாரிவேட்டின் இதழ்ப் பட்டியலில் நீங்களே தட்டிப் பாருங்கள். அது அங்கே இல்லையென்றால் 7.2 கிளாரிவேட் கொடுத்த எண் அல்ல. அங்கே இருந்தாலும் உடனே நம்பிவிடாமல், பட்டியலில் இருக்கும் பதிப்பாளரும் மின்னஞ்சல் அனுப்பியவரும் ஒருவர்தானா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.