'ஓனீசாமா எ' பார்க்கலாமா, இல்ல ரொம்ப ஓவர் டிராமாவா?

கேள்வி இதுதான்: கேர்ள்ஸ் ஸ்கூல்ல நடக்குற ஒரு பழைய ஜப்பான் அனிமே இருக்கு, 'ஓனீசாமா எ'னு பேரு, எல்லாரும் அழுதுட்டே இருப்பாங்கனு சொல்றாங்க, 39 எபிசோடு உக்காந்து பார்க்க வொர்த்தா?

ஓவர்தான். அதை முதல்லயே ஒத்துக்கிறேன். ஒருத்தி திரும்பிப் பார்த்தா அதையே மூணு தடவை காட்டுவாங்க. ஒருத்தி படிக்கட்டுல இறங்குனா காத்தடிக்கும், முடி பறக்கும், டக்குனு ஸ்கிரீன் உறைஞ்சு போயி கலர் சாக்பீஸ்ல தீட்டுன படம் மாதிரி நின்னுடும். நானும் என் தங்கச்சியும் முதல் எபிசோடு பார்த்தப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம், அவ "ஏன்க்கா இவங்க யாருமே சாதாரணமா ஒரு கதவைத் திறக்க மாட்டாங்களா"னு கேட்டா. நாலஞ்சு எபிசோடு தாண்டுனதும் சிரிப்பு எப்போ நின்னுச்சுனு ரெண்டு பேருக்குமே தெரியல. போனைக் கவுத்து வச்சுட்டு பார்க்க ஆரம்பிச்சிருந்தோம், அவ்வளவுதான்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்னணி. இந்த அனிமேக்கு மூலம் ஒரு மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ். அதை எழுதி வரைஞ்சது ரியோகோ இகேடா, 'வெர்சாயின் ரோஜா' வரைஞ்சு ஜப்பானையே கட்டிப்போட்ட அதே ஆளு. அது 1973ல முடிஞ்சுது, அடுத்த வருஷமே அதே 'மார்கரெட்' பத்திரிகைல இதை ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சு அரண்மனைய விட்டுட்டு அவங்க காலத்து ஜப்பான்ல ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துட்டாங்க, ஆனா அரண்மனைய மூட்டை கட்டி கூடவே எடுத்துட்டு வந்துட்டாங்கனுதான் சொல்லணும். மாங்கா மூணே வால்யூம். அனிமே அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு 1991, 92ல என்.எச்.கே. சாட்டிலைட் சேனல்ல வந்துச்சு, தயாரிச்சது தெசுகா புரொடக்‌ஷன்ஸ், டைரக்டர் ஒசாமு தெசாகி.

கதை, ஸ்பாய்லர் இல்லாம சொல்ற அளவுக்கு: நானாகோ மிசோனோனு ஒரு பொண்ணு. சாதாரண வீட்டுப் பொண்ணு. செய்ரான்னு ஒரு பெரிய இடத்துப் பெண்கள் பள்ளில ஹைஸ்கூல் சேர்றா. அதுக்கு முன்னாடி டியூஷன்ல பாடம் எடுத்த தகேஹிகோங்கிற காலேஜ் படிக்கிற ஒருத்தர்கிட்ட, "எனக்கு அண்ணனா இருப்பீங்களா, நான் லெட்டர் எழுதுறேன்"னு கேட்டு வச்சிருக்கா. மொத்தக் கதையும் அந்த லெட்டர்கள்தான். அதனாலதான் தலைப்பே அப்படி, 'ஓனீசாமா எ'னா 'அண்ணாவுக்கு'னு ஒரு லெட்டரோட முதல் வரி. இதுல ஒரு விஷயம், இங்கிலீஷ் சப்டைட்டில்ல 'பிரதர்'னு போடுறப்போ அது ஏதோ சர்ச்சுல கூப்பிடுற மாதிரி சப்புனு இருக்கும். நமக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. பழக்கமில்லாத ஒருத்தரை அண்ணானு கூப்பிடுறதுல இருக்கிற பாதுகாப்பு, அந்த 'ங்க' போட்டுப் பேசுறதுல இருக்கிற மரியாதை, அதுக்குள்ளயே ஒளிச்சு வச்ச வேற ஏதோ ஒண்ணு, இதெல்லாம் தமிழ்ல பேசுற எந்தப் பொண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்குள்ள 'சொரோரிட்டி'னு ஒரு குரூப். குடும்பம், அழகு, திறமை எல்லாம் பார்த்து சீனியருங்க பொறுக்கி எடுப்பாங்க. அம்மா மெம்பரா இருந்தா மகளும் மெம்பராகணும்னு வீட்லயே பிரஷர். இதுல எந்தத் தகுதியும் இல்லாத நானாகோ பேரு லிஸ்ட்ல வந்துடுது. அவ்வளவுதான், பொறாமை, வதந்தி, முதுகுக்குப் பின்னாடி சிரிப்பு, நேத்து வரைக்கும் பேசுனவ இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிறது. இந்தக் குரூப்போட தலைவி ஃபுகிகோ இச்சினோமியா. டீ கப்பை எடுக்கிற விதத்துலயே ஒருத்திய அவமானப்படுத்துற திறமை அவளுக்கு உண்டு.

பட்டப்பேருங்களப் பத்தி சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. ஃபுகிகோவை எல்லாரும் 'மியா-சாமா'னு கூப்பிடுவாங்க. பாதி குடும்பப் பேரு, ஆனா 'மியா'ங்கிறது ஜப்பான்ல அரச குடும்பத்துக்காரங்களுக்குச் சொல்ற வார்த்தையும்கூட, அதனால பேரு சொல்லிக் கூப்பிடும்போதே இளவரசினு கும்பிடு போடுற மாதிரி ஆயிடுது. கவோரு ஓரிஹாரானு கூடைப்பந்து ஆடுற உயரமான ஒருத்தி, அவ 'கவோரு நோ கிமி'. அது ஆயிரம் வருஷப் பழைய 'கெஞ்ஜி கதை'ல வர்ற பிரபுவோட வாசனை அடிக்கிற பேரு. ரெய் அசாகானு இன்னொருத்தி, அவளுக்கு 'சான் ஜூஸ்த்'. பிரெஞ்சுப் புரட்சில ரோபெஸ்பியர் கூடவே நின்னு 1794ல 26 வயசுல கில்லட்டின்ல தலை போச்சே, அந்த அழகான இளைஞன் பேரு. பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணுங்க ஒருத்தருக்கொருத்தர் இப்படிப் பேரு வச்சுக்கிறது சிரிப்பா இருக்கா? எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு 'மகாராணி'னு பேரு, அவ வந்தா பெஞ்சுல இடம் விடுவோம், நிஜமாவே விடுவோம்.

இந்த மாதிரி கதை திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல. 1899ல ஜப்பான்ல ஒவ்வொரு மாகாணத்துலயும் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி இருக்கணும்னு அரசாணை வந்து, பொண்ணுங்க மட்டுமே இருக்கிற ஒரு உலகம் உருவாச்சு. அதுல சீனியர், ஜூனியர் பொண்ணுங்களுக்கு நடுவுல லெட்டர், பூ, ரிப்பன்னு ஒரு பாசம், அதுக்கு 'எஸ்'னு ஒத்தை எழுத்துல பேரு, சிஸ்டர்ங்கிறதோட முதல் எழுத்து. நோபுகோ யோஷியா 1916ல இருந்து 'பூக்கதைகள்'னு எழுதுனது இதைத்தான். கல்யாணம் ஆகுற வரைக்கும்தான் இதெல்லாம்னு பெரியவங்க கண்டுக்காம விட்டாங்க. இகேடா அந்த ரிப்பனை அவிழ்த்து உள்ள என்ன இருக்குனு பார்த்தாங்க, உள்ள வெறும் பாசம் மட்டும் இல்ல, யாரு மேல யாரு கீழங்கிற கணக்கும் இருந்துச்சு.

தெசாகி பத்தி ரெண்டு வார்த்தை, அதுக்கு மேல போனா நிறுத்த மாட்டேன். 'வெர்சாயின் ரோஜா' அனிமேவ பாதில, 19வது எபிசோடுல இருந்து கைல எடுத்து வேற லெவலுக்குக் கொண்டு போனவர் இவர்தான். முன்னாடி சொன்னேனே உறைஞ்சு நிக்கிற படம், அது அவரோட கையெழுத்து. நாங்க சிரிச்ச அதே விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு பதினஞ்சு வயசுல நடந்த ஏதோ ஒரு அவமானத்தை ஞாபகப்படுத்துங்க, அது வீடியோவா ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. ஒரு ஜன்னல், ஒருத்தியோட முதுகு, வராண்டால விழுந்த வெயில், அவ்வளவுதான், அசையாம நிக்குது. அந்த மனுஷன் அதைத்தான் வரைஞ்சிருக்கார்னு ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் உறைச்சுது.

இனி ஸ்பாய்லர். பார்க்கப் போறவங்க கடைசி பாராவுக்குத் தாவிடுங்க.

எல்லாரும் ரெய்க்காகத்தான் இதைப் பார்ப்பாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான். ஒல்லியா உயரமா, சிகரெட், மாத்திரை, கவிதை, பியானோ, கைல எப்பவும் ஒரு பிரேஸ்லெட். அந்த பிரேஸ்லெட்டுக்கு அடில தழும்பு இருக்கு, அந்தத் தழும்புக்குப் பின்னாடி ஃபுகிகோ இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஆனா ஒருத்தி மாளிகைல வளர்ந்தவ, இன்னொருத்திய வெளிய சொல்ல முடியாது. ஃபுகிகோ ஒரு வார்த்தை அன்பா பேசுவாளானு ரெய் காத்துட்டே இருப்பா, அவ கொடுத்த பொம்மையக்கூட தூக்கிப் போட மாட்டா. அப்புறம் மெல்ல மெல்ல தேறி, வாழலாம்போலனு அவளுக்குத் தோணுற நேரத்துல, ரயில் பாதைக்கு மேல இருக்கிற பாலத்துல, கைல இருந்து காத்துல நழுவுன பூங்கொத்தைப் பிடிக்க எட்டுறா. போயிட்டா. மாங்கால அவளே தன் உயிரை முடிச்சுக்கிறா, அனிமேல அது விபத்து. இந்த ஒரு மாத்தத்தைப் பத்தி நானும் தங்கச்சியும் ஒரு ராத்திரி முழுக்க சண்டை போட்டோம். அவ கட்சி, விபத்துங்கிறது டைரக்டர் பயந்து போயி வச்சது. என் கட்சி, விபத்துதான் கொடூரம், ஏன்னா அவ வாழணும்னு முடிவு பண்ணிட்டா. இன்னும் தீரல அந்த சண்டை.

ஆனா இப்போ என்னைக் கேட்டா, இந்தக் கதைல ரெய்யை விட முக்கியமானவ மாரிகோ. யாரும் போஸ்டர்ல போட மாட்டாங்க அவளை. பணக்கார வீடு, அப்பா ஆபாச நாவல் எழுதுறவர், வீட்டுக்கே வர்றதில்ல, அம்மாவும் மகளும் மட்டும். நானாகோவைப் பார்த்த நாள்ல இருந்து நீ எனக்கு மட்டும்தான் ஃப்ரெண்டுனு ஒட்டிக்கிறா. நானாகோவோட சின்ன வயசு ஃப்ரெண்டு டோமோகோவை பொய் சொல்லி பிரிச்சு விடுறா. வீட்டுக்குக் கூப்பிட்டு திரும்பிப் போக விட மாட்டேங்கிறா. முதல் தடவை பார்த்தப்போ அவ வந்தாலே எனக்கு எரிச்சலா இருக்கும், ஐயோ வந்துட்டா பாருனு. ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஒண்ணு கவனிச்சேன், அவ எப்பவும் நானாகோவோட கையைத்தான் பிடிக்கிறா, நடக்கும்போது, பேசும்போது, கோபப்படும்போதுகூட, கதவைப் பிடிச்சிருக்கிற மாதிரி. விட்டா மூடிக்கும்னு பயம்.

ஒன்பதாவதுல எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தா. பேரு வேணாம். தினமும் ரெண்டு டப்பா கொண்டு வருவா, ஒண்ணு எனக்கு. நான் வேற பெஞ்சுல உக்காந்தா அன்னைக்கு என் டப்பாவையும் சேர்த்து அவளே சாப்பிடுவா, என்னைப் பார்த்துட்டே, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த தயிர்சாதம். நாங்க நாலு பேரு அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சோம். அவ வீட்ல அப்போ என்ன நடந்துட்டு இருந்துச்சுனு நான் ஒரு தடவைகூட கேட்கல. நானாகோ கேட்டா. அவ்ளோ அழுமூஞ்சி, ஒரு முடிவும் எடுக்கத் தெரியாதவ, ஆனா மாரிகோ அவ்வளவு பண்ணதுக்கு அப்புறமும், அவ அப்பா அம்மா விவாகரத்து பள்ளிக்கூடமே பேசுற விஷயமாகி, கேலி பண்ணவள் மேல இவ கத்தி எடுக்குற அளவுக்குப் போன அப்புறமும், நானாகோ அந்தக் கையை உதறல. அந்த டோமோகோவும் சேர்ந்து கடைசில மூணு பேரும் ஃப்ரெண்ட்ஸ். சொரோரிட்டி மாரிகோவைத் தூக்கி எறியப் பார்க்கும்போதுதான் கவோரு கையெழுத்து வாங்க ஆரம்பிக்கிறா, இந்தக் குரூப்பே வேணாம்னு. ரெய்யோட அழகுல அது ஆரம்பிக்கல பாருங்க, யாருக்கும் பிடிக்காத ஒருத்திகிட்ட இருந்து ஆரம்பிச்சுது.

குறை இல்லாம இல்ல. மூணு வால்யூமை 39 எபிசோடா இழுத்தா என்ன ஆகும், நடுவுல ஒரு பத்து எபிசோடு ஜவ்வு. அந்த தகேஹிகோ அண்ணா இருக்காரே, அவரை நாலு பேரு நினைச்சு உருகுற அளவுக்கு அவர்கிட்ட என்ன இருக்குனு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, ஸ்வெட்டர் நல்லா இருக்கும், ஒத்துக்கிறேன். ஃபுகிகோ சின்ன வயசுல இருந்து நெஞ்சுல வச்சிருக்கிற ஆளும் அவர்தான், கவோருவோட பழைய காதலரும் அவர்தான், நானாகோ குடும்பத்தோட ஒரு முடிச்சும் அவர்கிட்டதான் இருக்கு. ஊர்ல வேற ஆம்பளையே இல்லையானு கேட்கத் தோணும். டீச்சருங்க எதுக்கு இருக்காங்கனே தெரியாது. ஆனா கவோருவோட விஷயம் வேற. மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஸ்கூல் போச்சு, அதனாலதான் காதலிச்சவரை வேணாம்னு தள்ளி வச்சா. 1974ல ஸ்கூல் பொண்ணுங்க படிக்கிற பத்திரிகைல இதை ஒளிக்காம எழுதியிருக்காங்க இகேடா. கடைசில அவ அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜெர்மனி போறா, எவ்வளவு நாள் இருப்போம்னு தெரியாமலே.

சரி, தாவி வந்தவங்களுக்கு: பாருங்க. தற்கொலை, மாத்திரை, கையைக் கிழிச்சுக்கிறது எல்லாம் வருது, மனசு ஏற்கனவே சரியில்லாத நேரம்னா தள்ளிப் போடுங்க. அஞ்சு எபிசோடு வரைக்கும் சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க, தப்பில்ல. ஒரே மூச்சுல பார்க்காதீங்க, தினம் ரெண்டு போதும். அனிமே முதல்ல, மாங்கா அப்புறம், ஏன்னா மாங்கா ரொம்ப வேகமா ஓடும், ஆளுங்க மனசுல உக்கார நேரமே கொடுக்காது. தனியா பார்க்காம கூட யாரையாவது உக்கார வச்சுக்கோங்க, பாலத்து சீன் முடிஞ்சதும் சண்டை போட ஒரு ஆள் வேணும்.