முல்லைக்கொடியின் தளிர் இலைகள் மஞ்சளாவது ஏன்?

மதிலோரம் ஏற்றிவிட்ட முல்லைக்கொடியில் தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகின்றன என்றும், தொழுவுரம் வைத்தும் தேறவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கொடிக்கும் இதே நிலை வந்தது. தாங்கள் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவையே காட்டுகிறது.

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் கொடி முதிர்ந்த இலைகளில் உள்ளதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைகள் முதலில் வெளுக்கும். இரும்பை அவ்வாறு எடுத்துக்கொடுக்கக் கொடியால் இயலாது என்பதால் தளிர்தான் முதலில் மஞ்சளாகிறது. எனவே மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பார்க்காமல் எந்த உரமும் வைக்காதீர்கள்.

நம் கொங்குப் பகுதியில் பல இடங்களில் மண்ணுக்கடியில் சுக்கான்கல் எனும் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரோ குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினமானது. இத்தகைய சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் உறிஞ்சும் நிலையில் இருப்பதில்லை. மதில் கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கலவை வேரடியில் இருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். நான் இதை அறியாமல், சத்து சேரட்டும் என்று மாதக்கணக்கில் அடுப்புச் சாம்பலைப் போட்டு வந்தேன். சாம்பலும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதே. அதை நிறுத்திய பிறகுதான் கொடி மருந்துக்கு இணங்கியது.

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகளும் அடிப்புறம் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேனின் வேலை. அதற்கு நனையும் கந்தகம் (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் போதும், உச்சி வெயிலில் மட்டும் தெளிக்க வேண்டாம்.

இரும்புக் குறைவுக்கு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை மாலையில் இலைகள் நனையத் தெளியுங்கள். கிணற்று நீரைத் தவிர்த்து, சிறுவாணித் தண்ணீரிலோ மழைநீரிலோ கரைத்துச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது நல்லது. கரைசலை வைத்திருந்தால் துருநிறமாகிப் பயனற்றுப்போகும், அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தெளிக்கும்போது மதிலைப் பழைய சாக்கால் மறைத்துவிடுங்கள், அந்தக் கறை எளிதில் போகாது.