திரையில் சரி, லேசரில் ஏன் தவறு?

கேள்வி: 3 மி.மீ. இரும்புத் தகட்டில் எல் வடிவ பிராக்கெட் ஒன்றை வரைந்து லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். கோப்பில் பிழை இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரையில் எல்லாம் சரியாகத்தானே தெரிகிறது?

பதில்: கண்ணுக்குச் சரியாகத் தெரிவது போதாது. நீங்கள் வரைந்த கோடு போகும் வழியிலேயே லேசரும் போகும். இரண்டு கோடுகள் சேரும் மூலையில் 0.01 மி.மீ. இடைவெளி இருந்தாலும், அது மூடிய உருவம் இல்லை என்று மென்பொருள் நின்றுவிடலாம். ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அதே வழியை இரண்டு முறை வெட்டும், விளிம்பு கருகும். பல கோப்புகள் திரும்பி வருவது இந்த இரண்டால்தான்.

வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் முதலில் 'ஓவர்கில்' கட்டளை கொடுங்கள், இரட்டைக் கோடுகள் போய்விடும். அப்புறம் கோடுகளை ஒன்றாக இணைக்க 'பிஎடிட்'டில் 'ஜாயின்' செய்யுங்கள். வெளிக்கோட்டின் மேல் ஒரு முறை சொடுக்கினால் சுற்று முழுவதும் தேர்வாக வேண்டும். அளவுக் கோடுகள், டைட்டில் பிளாக் (வரைபடத்தின் பெயர், விவரம் எழுதும் கட்டம்) எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 1:1 அளவில் டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். லேசர் தின்னும் அகலத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டாம். அது பட்டறைக்காரர் வேலை. நீங்களும் செய்தால் இரண்டு முறை ஈடுகட்டியதாகிவிடும்.

உங்கள் பிராக்கெட்டில் வளைவும் இருக்கிறதே, அங்கே கவனம் தேவை. வெளி அளவு 40, 60 என்று வைத்துக்கொள்வோம். விரித்த நீளம், அதாவது வளைப்பதற்கு முன் தட்டையாக இருக்கும் நீளம், 100 என்று வரைந்தால் தவறு. உள் ஆரம் 3 மி.மீ., கே-ஃபாக்டர் (வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு, உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பது) 0.4 என்றால் வளைவுக்கு சுமார் 6.6 மி.மீ. ஆகும். ஒவ்வொரு வெளி அளவிலும் ஆரமும் தடிமனும் சேர்ந்த 6 மி.மீ. கழித்தால் 34, 54. 34 + 54 + 6.6, ஆக 94.6. அந்த ஆரமும் கே-ஃபாக்டரும் பட்டறையில் வளைக்கப் பயன்படுத்தும் அச்சை (டை) பொறுத்து மாறும், ஆகவே அவர்களைக் கேட்டுவிட்டு வரையுங்கள். வளைவுக் கோடு தனி லேயரில் இருக்கட்டும், இல்லையென்றால் அதையும் வெட்டிவிடும்.

எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் நுழைய 6.6 மி.மீ. துளை, மரை போடுவதென்றால் 5 மி.மீ. தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளையைத் தவிர்ப்பது நல்லது.

மின்னஞ்சலில் உலோகம், தடிமன், எண்ணிக்கையோடு ஏதாவது ஒரு வெளி அளவையும் எழுதிவிடுங்கள். மில்லிமீட்டரில் வரைந்ததை அங்கே அங்குலமாகத் திறந்தால் பொருள் 25.4 மடங்காகிவிடும், அந்த ஒரு அளவைப் பார்த்தால் வெட்டுவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.